முன்னொட்டைப் பிடித்து வேலைச் சொற்களைப் படிப்பதில் பலன் உண்டா?

பெப்ரவரி 3, காலை. சம்மாந்துறை வாசகர் ஒருவரின் கேள்வி

உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். ஆங்கில வகுப்பில் சேர் முன்னொட்டுப் பட்டியல் ஒன்று தந்தார். அன், டிஸ், மிஸ், ஓவர், அண்டர், ரீ, ப்ரீ என்று ஒரு பக்கம் முழுக்க. இதைப் பாடமாக்கினால் வேலை சம்பந்தமான சொற்கள் தானாக வரும் என்கிறார். பாடமாக்கிவிட்டேன். ஆனால் கொழும்புக் கம்பனி விளம்பரத்தைக் கையில் எடுத்தால் ஒன்றும் தானாக வருவதாக இல்லை. இந்த வழி சரியா, நேரம்தான் வீணா?

பெப்ரவரி 3, இரவு 9.40

வழி சரி. தொடங்கிய இடம் சரியில்லை. அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, ஏற்கெனவே உங்கள் வாயில் புழங்குகிற வேலைச் சொற்களிலிருந்து தொடங்குங்கள் தம்பி.

காசைப் போட்டுவிட்டுக் கதைத்தால் ப்ரீபெயிட். கதைத்துவிட்டு மாத முடிவில் கட்டினால் போஸ்ட்பெயிட். இது தெரியாத ஆள் அம்பாறையிலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை. ப்ரீ முன்னுக்கு, போஸ்ட் பின்னுக்கு என்று எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, காசு கட்டியே பழகினோம். அதே ப்ரீ முன்பள்ளியில் இருக்கிறது. அதே போஸ்ட் பின்திகதியிட்ட காசோலையில் இருக்கிறது. இனி விளம்பரத்துக்கு வாருங்கள். 'மூன்று வருட போஸ்ட் குவாலிஃபிகேஷன் எக்ஸ்பீரியன்ஸ்' என்று போட்டிருப்பார்கள். தகைமை கிடைத்த பிறகு பார்த்த வேலையைத்தான் அவர்கள் கணக்கெடுப்பார்கள். டிப்ளோமா முடிக்க முதல் மாமாவின் கடையில் கணக்கெழுதிய காலம் அதில் சேராது. அந்தப் போஸ்ட் என்ற துண்டைக் கவனிக்காமல் மொத்த அனுபவத்தையும் கூட்டிப் போட்டு, நேர்முகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நான் தோஹாவில் கட்டுமானக் கம்பனி ஒன்றின் டைம் ஒஃபிஸில், ஆட்களின் வேலை நேரம் பதிகிற இடத்தில், இருந்தவன். இப்போது களுவாஞ்சிக்குடியில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பவும் நேர்முகத்துக்கு ஆயத்தமாகவும் உதவுகிறேன். அதனால் இந்த விசயத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்று நேரம் போய்விட்டது, நாளைக்கு மிச்சம்.

பெப்ரவரி 3, இரவு 10.15

படுக்கப் போக முதல் ஒன்று. ஓவசியர்.

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் வேலை, ரோட்டு வேலை என்றால் ஓவசியர் இல்லாமல் நடக்காது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்த பிறகு அம்பாறை மாவட்டத்தில் நீர்ப்பாசன வேலை எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சொல்லை உடைத்துப் பாருங்கள். ஓவர், சீ. மேலே நின்று பார்க்கிறவர். சூப்பவைசர் என்பதும் அதேதான். சூப்பர் என்றால் மேலே, வைஸ் என்பது பார்ப்பதைக் குறிக்கும் இலத்தீன் அடி. விசன், விசா இரண்டிலும் அதே அடிதான். ஓவசியர் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, சூப்பவைசர் இலத்தீன் சரக்கு, வேலை ஒன்று. இப்படி ஒரு சோடியைப் பிடித்துவிட்டால் சூப்பரின்டென்டன் கூட விளங்கத் தொடங்கும்.

பெப்ரவரி 4, இரவு 8.20

இன்று எழுதப் போவதுதான் நான் முன்னொட்டை விட்டுக்கொடுக்காமல் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம்.

எனக்குத் தங்கச்சி முறையான ஒருவர் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் வந்தார். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒன்று, கையில் கொடுத்தது அதைவிடக் குறைவு. மாதாமாதம் அப்படித்தான். திரும்பி வந்த பிறகு முறைப்பாடு எழுதக் கடை ஒன்றில் தட்டச்சு செய்வித்தார். தட்டியவர் 'அன்பெயிட் சேலரி' என்று தலைப்புப் போட்டு, உள்ளேயும் அன்பெயிட் என்றே எழுதிவிட்டார். தங்கச்சிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. மாதாமாதம் காசு அனுப்பிய வங்கிச் சிட்டைகளின் பிரதிகள். 'சம்பளமே தரவில்லை என்கிறார், இதோ தந்திருக்கிறோம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் அவர் பொய் சொல்கிறவர் ஆகிவிட்டார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. கடிதம் சொன்னதுதான் வேறு.

அன்பெயிட் என்றால் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அண்டர்பெயிட் என்றால் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதை விடக் குறைவாக. ஓவர்பெயிட் என்றால் கூடக் கொடுத்துவிட்டார்கள், பிறகு வெட்டுவார்கள். மூன்றுக்கும் பெயிட் பொது. முன்னால் ஒட்டியிருக்கிறதில்தான் வழக்கு நிற்கிறது. கடிதத்தைத் திருத்தி, ஒப்பந்தத் தொகையையும் சிட்டைத் தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி எழுதினோம். அதற்குள் போன மாதங்கள் போனதுதான். அந்தப் பிள்ளை என் முன்னால் இருந்து, 'அண்ணன், நான் பொய் சொல்லல்லையே' என்று கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே தம்பி, உங்கள் பட்டியலில் அன், அண்டர், ஓவர், மிஸ் நாலையும் முதலில் எடுங்கள். இல்லை, குறைவு, மிகை, பிழை. ஒரே சொல்லில் நாலையும் பூட்டிப் பாருங்கள். யூஸ்: அன்யூஸ்ட், அண்டர்யூஸ்ட், ஓவர்யூஸ்ட், மிஸ்யூஸ்ட். நாலும் நல்ல ஆங்கிலம். கம்பனி வாகனத்தைப் பற்றிய அறிக்கையில் நாலில் எதை எழுதுகிறீர்கள் என்பதில் ஒரு டிரைவரின் வேலை தங்கியிருக்கலாம்.

பெப்ரவரி 5, காலை 6.30

காத்தான்குடியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: எழுத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, காதில் கேட்கும்போது ஏன் தப்பிப்போகிறது என்று.

நல்ல கேள்வி. தமிழில் மறுப்பு வருகிற இடத்தைப் பாருங்கள். தரவில்லை. வேலையில்லாதவர். அனுபவமற்றவர். போகமாட்டான். எல்லாமே கடைசியில். அநீதி, அநாவசியம் என்று முன்னால் வருகிறவை வடமொழி வழியாக வந்த சில. எங்கள் காது பிறந்ததிலிருந்து வாக்கியத்தின் வாலைக் கவனித்தே வளர்ந்தது. ஆங்கிலத்தில் மறுப்பு தலையிலேயே வந்து போய்விடுகிறது. நாங்கள் காதைத் தீட்டுவதற்குள் அன் போயிருக்கும், பெயிட்தான் மிஞ்சும்.

என் பிள்ளைகளுக்குச் செய்விக்கிற பயிற்சி இதுதான். ஒருவர் சொல்லைச் சொல்வார், மற்றவர் முன்னால் வந்த துண்டை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்ஸ்கில்ட் என்றால் அன். அண்டர்ஸ்டாஃப்ட் என்றால் அண்டர். சொல்லின் பொருளைக் கேட்கவே மாட்டேன். கொஞ்ச நாளில் காது தலைப்பக்கம் திரும்பிவிடும். நேர்முகத்தில் 'ஆர் யூ கரன்ட்லி அன்எம்ப்ளொயிட்' என்று கேட்டால், முன்னைப்போல் எம்ப்ளொயிட் மட்டும் காதில் விழுந்து 'நோ சேர்' என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார்கள்.

பெப்ரவரி 5, இரவு 9.05

ரிசைன். இதைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ரீ என்றால் மறுபடி, சைன் என்றால் கையெழுத்து, அப்படியானால் ரிசைன் மறுபடி கையெழுத்து வைப்பதா என்று.

பட்டியல் ஆட்களை விழுத்துகிற இடம் இதுதான். பட்டியலில் ரீ என்பதற்குப் பக்கத்தில் 'மறுபடி' என்று ஒரு பொருள்தான் போட்டிருப்பார்கள். ரீக்கு இரண்டு பொருள். மறுபடி ஒன்று, திரும்ப அல்லது பின்னுக்கு என்பது மற்றது. ரீஅப்ளை மறுபடி விண்ணப்பிப்பது. ரீட்ரெய்ன் மறுபடி பயிற்றுவது. ஆனால் ரிஃபண்ட் காசைத் திரும்பக் கொடுப்பது. ரிகோல் திரும்பக் கூப்பிடுவது. ரீஇன்ஸ்டேட் நிறுத்தப்பட்டவரைத் திரும்பப் பதவியில் அமர்த்துவது. ரிட்டயர் பிரெஞ்சிலிருந்து வந்தது, பின்னுக்கு இழுத்துக்கொள்வது. ரிசைனின் இலத்தீன் மூலத்துக்கு முத்திரையை நீக்குவது, இரத்துச் செய்வது என்று பொருள். இரண்டாவது பொருளைப் பிடித்துவிட்டால் ரிட்டயர், ரிசைன் இரண்டும் அந்தக் குடும்பத்துக்குள் வந்துவிடும்.

மறுபடி கையெழுத்து வைப்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது. எழுத்து அதேதான், நடுவில் சிறுகோடு போட வேண்டும், உச்சரிப்பில் ரீயை நீட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். புதுப்பிக்க விருப்பம் என்று எழுத நினைத்து, சிறுகோடு போடாமல் அனுப்பினால் மனேஜர் அதை இராஜினாமா என்றுதான் வாசிப்பார். நான் சொல்வது, அந்த இடத்தில் ரினியூ என்றே எழுதுங்கள். அதிலும் ரீ இருக்கிறது, ஆபத்தில்லை.

பெப்ரவரி 5, இரவு 9.30

எந்தச் சொல்லை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்பதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழி: முன்னொட்டை மூடிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் ஆங்கிலச் சொல்லாக நிற்கிறதா? அந்தச் சொல் முழுச் சொல்லோடு உறவாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஓம் என்றால் நம்பலாம். மிஸ்மனேஜ், மனேஜ், உறவு தெரிகிறது. ரிக்ரூட்டில் ரீயை மூடினால் குரூட் என்று ஒரு சொல் நமக்குத் தேவையான பொருளில் இல்லை, முழுசாகப் படியுங்கள். டிஸ்மிஸ்ஸில் மிஸ் மிஞ்சுகிறது, ஆனால் அது தவறவிடுகிற மிஸ்ஸும் இல்லை, ரீச்சரைக் கூப்பிடுகிற மிஸ்ஸும் இல்லை. முழுசாகப் படியுங்கள். அண்டர்டேக் என்றால் பொறுப்பேற்பது, அண்டர்டேக்கர் என்றால் மையத்து வேலை பார்க்கிறவர், இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள்.

அவுட்ஸ்டாண்டிங் பற்றி எச்சரிக்கை. 'அவுட்ஸ்டாண்டிங் பெர்ஃபோமன்ஸ்' என்றால் மிகச் சிறந்த வேலை. 'அவுட்ஸ்டாண்டிங் சேலரி' என்றால் நிலுவைச் சம்பளம், இன்னும் கொடுபடாதது. சந்தோசப்பட முதல் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்.

பெப்ரவரி 7, பின்னேரம் 4.50

ஓவர்லுக். மேலே ஓவர்சீ பற்றி எழுதியதைப் பார்த்து அக்கரைப்பற்றிலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருந்தார். சீயும் லுக்கும் பார்ப்பதுதான், பிறகேன் ஓவர்சீ மேற்பார்வை, ஓவர்லுக் கவனியாமல் விடுவது?

ஒன்றில் மேலே நின்று பார்க்கிறார்கள், மற்றதில் பார்வை அதற்கு மேலால் போய்விடுகிறது. ஆங்கிலக்காரரின் பழக்கம் அப்படி அமைந்துவிட்டது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் படிப்பதுதான் நல்லது: வேலையை ஓவர்சீ செய்ய வந்தவர் பிழையை ஓவர்லுக் செய்துவிட்டார். பிள்ளைகள் இதை மறப்பதில்லை.

பெப்ரவரி 8, இரவு 8.45

இன், இம், இல், இர். இந்த நாலையும் நாலு முன்னொட்டு என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். இது ஒன்றுதான், நாலு வேஷம். எப்போது எந்த வேஷம் என்று தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை, எங்கள் இலக்கணத்திலேயே இருக்கிறது.

மரம், கள், மரங்கள். மகரம் ஏன் ஙகரமானது? வருகிற எழுத்துக்கு நாக்கு முன்கூட்டியே தயாராகிறது. ஆங்கிலத்திலும் அதேதான் நடக்கிறது. பகரமும் மகரமும் உதட்டில் பிறக்கிறவை, அவற்றுக்கு முன்னால் இன் வந்தால் உதடு மூடி இம் ஆகிவிடும்: இம்பேஷன்ட், இம்பொசிபிள். எல்லுக்கு முன்னால் இல்: இல்லீகல். ஆருக்கு முன்னால் இர்: இர்ரெகுலர், இர்ரெஸ்பொன்சிபிள். மற்ற இடத்தில் பெரும்பாலும் இன்: இன்எக்ஸ்பீரியன்ஸ்ட், இன்எஃபிஷன்ட். புணர்ச்சி விதி படித்த பிள்ளைக்கு இது ஒரு மணி நேர வேலை.

கொன் என்பதும் இப்படித்தான் வேஷம் மாறும். சேர்ந்து என்று பொருள். கொன்ட்ராக்ட், கம்பனி, கொலீக், கரஸ்பொன்டன்ஸ். கம்பனி என்ற சொல்லின் அடியில் இருப்பது சேர்ந்து பாண் சாப்பிடுகிறவர்கள் என்ற இலத்தீன். பானிஸ் என்றால் இலத்தீனில் பாண். நாங்கள் பாண் என்பது அதே குடும்பத்துச் சொல், போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டுப்போனது.

பெப்ரவரி 8, இரவு 9.20

மேலே எழுதிய இன்னுக்கு ஒரு அவசரச் சேர்க்கை. எல்லா இன்னும் மறுப்பு இல்லை. உள்ளே என்றும் ஒரு இன் இருக்கிறது, அதுவும் அதே வேஷங்களைப் போடும். கட்டுநாயக்காவில் குடிவரவு குடியகல்வு என்று இருக்கிறதே, இமிகிரேஷன், எமிகிரேஷன். இம் உள்ளே வருவது, ஈ வெளியே போவது, மிச்சம் இடம்பெயர்வது. இம்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் அப்படியே.

இது சோறு போடுகிற விசயம் மட்டுமில்லை, உயிர் விசயமும். எண்ணெய் பீப்பாவில் இன்ஃபிளமபிள் என்று எழுதியிருந்தால் தீப்பற்றாது என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பற்றும். அது உள்ளே என்கிற இன். ஃபிளமபிள் என்றாலும் தீப்பற்றும். இன்ஃபிளமபிளை மறுப்பாக எடுப்பார்கள் என்ற பயத்தில்தான் இப்போது பல இடங்களில் ஃபிளமபிள் என்று மட்டும் போடுகிறார்கள். தீப்பற்றாததற்கு நொன்ஃபிளமபிள். களஞ்சியத்தில், எண்ணெய் நிரப்பும் இடத்தில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லி அனுப்புகிறேன்.

சேவைச் சான்றிதழில் 'இன்வேலுயபிள் சேர்விஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, 'பெறுமதியில்லாத சேவையென்டு எழுதிட்டாங்க அண்ணன்' என்று முகம் கறுத்து வந்த பெடியன் ஒருவன் இருந்தான். விலை போட்டு முடியாத அளவு பெறுமதி என்று சொன்னதும் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, மடிப்பைக் கையால் நீவி, கோவைக்குள் வைத்துக்கொண்டான். அது மறுப்பு இன்தான், ஆனால் மறுப்பது விலை மதிப்பிட முடிவதை.

பெப்ரவரி 10, இரவு 10.10

வெளிநாட்டு வேலை விண்ணப்பங்களில் ஸ்கில்ட், செமி ஸ்கில்ட், அன்ஸ்கில்ட் என்று மூன்று வகுப்பு வரும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வகைப்படுத்தலிலும் இந்த மூன்றும் உண்டு. சம்பளம் இந்த இடத்திலேயே பிரிகிறது.

எங்கள் ஆட்கள் பணிவு காரணமாகத் தங்களைக் கீழே எழுதிக்கொள்கிறார்கள். இதைப் பற்றி எனக்கு ஆத்திரமே உண்டு. ஷட்டரிங் அடித்து, மட்டம் பார்த்து, கம்பி வளைத்துக் கட்டத் தெரிந்த மனிதன், கையில் சான்றிதழ் இல்லை என்பதற்காக அன்ஸ்கில்ட் என்று நிரப்பலாமா? அன் என்றால் திறன் இல்லை. இருக்கிற திறனை இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். செமி என்றால் அரைவாசி, ஓரளவு. செமி லக்சரி பஸ் தெரியும்தானே, அதே செமி. சான்றிதழ் இல்லாவிட்டால் குறைந்தது செமி ஸ்கில்ட் என்று போடுங்கள். வேலைப் பரீட்சை வைப்பார்கள், செய்து காட்டுங்கள். முடிந்தால் போக முதலே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுங்கள். அனுபவத்தை மதிப்பிட்டுக் கொடுக்கிற வழியும் அதில் இருக்கிறது.

பெண்களுக்கும் இதே. மருதமுனையில் தறியில் நெய்கிறவர், வீட்டில் தைத்துக் கொடுக்கிறவர், கோழி வளர்த்து முட்டை விற்கிறவர், எல்லாரும் தொழில் என்ற கூட்டில் 'இல்லை' என்று எழுதுகிறார்கள். அல்லது யாராவது அன்எம்ப்ளொயிட் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் செல்ஃப் எம்ப்ளொயிட். சுயதொழில். வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும் அந்த ஒரு சொல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று நிரப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புள்ளிவிபரத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. அன்எம்ப்ளொயிட் என்று எண்ணப்பட வேண்டுமானால் வேலை இல்லாமல் இருக்க வேண்டும், தேட வேண்டும், கிடைத்தால் செய்யத் தயாராகவும் இருக்க வேண்டும். கொஞ்ச மணி நேரம் வேலை இருந்து, இன்னும் வேலை செய்ய விருப்பமும் நேரமும் உள்ளவர் அண்டர்எம்ப்ளொயிட். போகம் முடிந்து அடுத்த போகம் வரைக்கும் கிடைத்த கூலிக்குப் போகிறவர் எந்தக் கூட்டில் வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

பெப்ரவரி 11, காலை 7.00

அன்குவாலிஃபைட், டிஸ்குவாலிஃபைட், அண்டர்குவாலிஃபைட், ஓவர்குவாலிஃபைட். வாழைச்சேனை வாசகர் கேட்டதற்குச் சுருக்கமாக. தகைமை இல்லை. தகுதி பறிக்கப்பட்டது. தகைமை போதாது. வேலைக்குத் தேவையானதை விடக் கூடத் தகைமை. அன் ஒரு நிலையைச் சொல்கிறது, டிஸ் யாரோ ஒருவர் செய்ததைச் சொல்கிறது. பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்டவர் டிஸ்குவாலிஃபைட், பரீட்சையே எடுக்காதவர் அன்குவாலிஃபைட். கடிதத்தில் மாற்றி எழுதினால் ஒரு அப்பாவியின் பேரில் கறை விழும்.

நாலாவதுதான் எங்கள் பட்டதாரிகளுக்கு நடப்பது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பட்டம் எடுத்துவிட்டு உயர்தரம் கேட்கிற வேலைக்கு விண்ணப்பித்தால், ஓவர்குவாலிஃபைட் என்று ஒரு சொல்லில் கதையை முடித்துவிடுகிறார்கள். கேட்கப் புகழ்ச்சி போல இருக்கும், கதவு மூடியதுதான். நேர்முகத்தில் அந்தச் சொல் வந்தால் வாயடைத்து இருக்காதீர்கள். இந்த வேலையில் நான் நிலைத்து நிற்பேன், காரணம் இது என்று சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவது நீங்கள் விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் என்றுதான்.

பெப்ரவரி 12, இரவு 9.00

தமிழில் முன்னொட்டே இல்லை, அதனால்தான் எங்களுக்குக் கஷ்டம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அரசாங்கக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். உப தபாலகம், சப். மீள்நியமனம், ரீ. மேலதிக நேரம், ஓவர். முன்பள்ளி, ப்ரீ. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், மல்டி, கோ. பிறப்பிலேயே ஒட்டாக இருந்ததோ, தனிச் சொல்லை முன்னால் வைத்ததோ, வேலை ஒன்றுதான் செய்கிறது. கடிதத் தலைப்புகளில் பெரும்பாலும் மூன்று மொழியும் இருக்கும். பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கும் நேரத்தில் பலகைகளைத் தமிழில் வாசித்து, உடனே ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள். இலவச அகராதி சுவரில் தொங்குகிறது.

கோப்பரேட்டிவ்வை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒப்பரேட் என்ற சொல்லின் அடி ஓபுஸ், இலத்தீனில் வேலை. கோ என்றால் சேர்ந்து. சேர்ந்து வேலை செய்வது. சங்கக்கடை என்று நாங்கள் சொல்வதும் கோவேர்க்கர் என்று அலுவலகத்தில் சொல்வதும் உள்ளுக்குள் ஒரே கட்டு.

பெப்ரவரி 12, இரவு 9.35

ஓவர்டைம் பற்றி விட்டுப்போனது. கடை, அலுவலக ஊழியர் சட்டம், 1954. சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் செய்வதுதான் ஓவர். மணிக்கூலியின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். சம்பளச் சிட்டையில் ஓ.டி. என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பிள்ளைகள் இரவு வரைக்கும் நின்றுவிட்டு, அந்த வரி இல்லாத சிட்டையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்குப் பெயர் அன்பெயிட் ஓவர்டைம். ஒரு சொற்றொடரில் இரண்டு முன்னொட்டு, இரண்டும் உங்களுக்குச் சேர வேண்டிய காசு.

அதே சிட்டையில் டிடக்ஷன்ஸ் என்று கழிவுகள் வரும். டி என்றால் இங்கே அப்பால், வெளியே. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும். இந்த இடத்தில் முன்னொட்டு உதவாது, பின்னொட்டுத்தான். எம்ப்ளொயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளொயி வேலை செய்பவர். ஈகாரத்தில் முடிந்தால் அந்தச் செயல் அவர் மேல் நடக்கிறது: ட்ரெய்னி, பேயி, இன்டர்வியூயி. 12 எந்தப் பெயருக்கு நேரே இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். முழு 20 வீதத்தையும் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிட்ட சிட்டையை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

பெப்ரவரி 15, இரவு 8.30

சம்மாந்துறைத் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். விளம்பரம் ஒன்றை எடுத்து, முன்னொட்டு வந்த சொற்களை மட்டும் கோடிட்டு, மிச்சத்தை மூடிப் பார்த்தாராம். முழு விளம்பரமும் விளங்கவில்லை, ஆனால் எதைக் கேட்கிறார்கள், எதை வேண்டாம் என்கிறார்கள் என்று பிடிபட்டதாம். 'நொன் ஸ்மோக்கர்', 'ப்ரீவியஸ்', 'அன்லிமிட்டட்', 'இன்டர்பர்சனல்' என்று நாலைக் கேட்டிருக்கிறார்.

ப்ரீவியஸ் நல்ல உதாரணம். ப்ரீயை மூடினால் மிஞ்சுவது ஆங்கிலச் சொல்லாக நிற்காது, ஆனாலும் முன்னைய என்ற பொருளை ப்ரீ காட்டிக் கொடுத்துவிடுகிறது. மூடிப் பார்க்கிற வழிக்கு வெளியே இப்படிச் சிலது உண்டு, அவற்றை ஊகத்துக்குப் பயன்படுத்துங்கள், உறுதிக்கு அகராதி. இன்டர் என்றால் இடையே. இன்டர்சிட்டி பஸ் நகரங்களுக்கிடையே, இன்டர்பர்சனல் ஆட்களுக்கிடையே, அதாவது ஆட்களோடு பழகுகிற திறன். இன்டர்வியூவும் இதேதான், ஒருவரை ஒருவர் பார்ப்பது. அவர்கள் மட்டும் பார்ப்பதென்று நினைத்துப் பயந்து போக வேண்டாம், நீங்களும் அவர்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள். வேலை நேரம், சம்பளம், விடுமுறை எல்லாம் கேட்கலாம்.

சிறுகோடு எங்கே போடுவது என்றும் கேட்டிருந்தார். முன்னாள் என்ற பொருளில் வருகிற எக்ஸ், சுய என்ற பொருளில் வருகிற செல்ஃப் இரண்டுக்கும் எப்போதும் போடுங்கள். அன், மிஸ், அண்டர், ஓவர் இவற்றுக்குச் சாதாரணமாகப் போடுவதில்லை. கோவேர்க்கர், செமி ஸ்கில்ட் போன்றவற்றை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒரு கடிதத்தில் எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே கடைசி வரை எழுதுங்கள்.